செக்காலி லாகி

செந்தூல் வங்கியில் என் எண் ஆயிரத்து நாற்பத்தேழு.
கண்ணாடிக்கு அப்பால் நோர் ஹிதாயா
"செக்காலி லாகி" என்கிறாள், மூன்றாவது தடவையாக.
வைக்கிறேன்.
கருவியின் சிவப்பு விளக்கு
கட்டைவிரலை நக்கிப் பார்த்துத் துப்புகிறது.

அட்டையில் இருக்கும் யோகேஸ்வரி
பன்னிரண்டு வயதில் ரேகை கொடுத்தவள்.
அவள் விரலில் ஓடை ஓடையாய்க் கோடுகள்.
என் விரல்
வெயிலில் மறந்துபோன சவர்க்காரக் கட்டி.

ஜாலான் ஈப்போ சலூனில் பதினோரு வருஷம்.
ஷாம்பு, சாயம், ப்ளீச், மறுபடி ஷாம்பு.
முதலில் மோதிரத்துக்கு அடியில்தான் ஒரு சிவப்பு.
கழற்றி அலமாரியில் வைத்தேன்.
கழற்றிய இடத்தில்
அது தானே ஒரு மோதிரம் செய்து போட்டுக்கொண்டது.
பிறகு விரலிடுக்கு, புறங்கை, மணிக்கட்டு என்று ஏறி
பிள்ளைப் பிராயம் முதல்
முழங்கை மடிப்பில் குடியிருந்த தன் உறவைத்
தேடிப் பிடித்துவிட்டது.

"ஒட்டுமா?"
தலையைத் தொட்டியில் சாய்த்தபடியே கேட்பார்கள்.
ஒட்டாது.
என் தோலே என்னோடு ஒட்டுவதில்லை.

பகலில் அது கை மட்டும்.
ராத்திரியில் உடம்பு முழுக்க.
விளக்கை அணைக்கும் சத்தம் கேட்டுத்தான் எழுந்து வரும்.
சொறிகிற முதல் நிமிஷம்,
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
அப்படியொரு சுகம் வேறெதிலும் இல்லை.
சுகம் முடிகிற இடத்தில் எரிச்சல்,
எரிச்சலுக்கு அப்பால் ஈரம்.
மூன்று மணிக்கு ஐஸ்பெட்டியைத் திறந்து
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
விடிந்தால் போர்வையெல்லாம்
கோலமாவு சிந்தியதுபோல் நான்.

"சொறியாதே" என்பார் தர்மசீலன், தூக்கத்திலேயே.
என் பெயரைவிட அதிகமாய்
என்னை அழைத்த சொல் அது.
நகமும் சதையுமாய் இருங்கள் என்று
கல்யாண மண்டபத்தில் வாழ்த்தினார்கள்.
நகம் சதையை என்ன செய்யும் என்று
அவர்களுக்கு யார் சொல்வது?

கத்தரிக்காய் கூடாது, இறால் கூடாது,
கருவாட்டை மோந்தும் பார்க்காதே என்றார் மாமியார்.
நாசி லெமாக்கில் எனக்கு மிஞ்சியது
ஒரு துண்டு வெள்ளரிக்காய்.

அரசாங்கக் கிளினிக்கில் சின்னப் பெண், டாக்டர்.
அரிப்பு பத்துக்கு எத்தனை என்றாள்.
எந்த மணிக்கு என்று கேட்டேன்.
பேனாவை வைத்துவிட்டாள்.
தூக்கம்?
மூச்சு?
புகைமூட்ட மாதங்களில் நெஞ்சில் ஒரு விசில்.
புண் பழுத்தால் அக்குளில் நெறி கட்டும்.
போன வாரம் சாயக் கணக்குத் தப்பி
ஒரு சீனத்துப் பாட்டிக்குத் தலை ஊதாவாகிவிட்டது.
மகனை அறைந்தேன், தண்ணீர் கொட்டினான் என்பதற்காக.
அதையும் சொல்லலாமா, அதுவும் இதில் சேருமா
என்று தெரியாமல் சொன்னேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.
தோல்தானே என்று இத்தனை நாள்
மற்றவர்களைப்போலவே நானும் இருந்துவிட்டேன்.

"செக்காலி லாகி."
ஈரத்தாளால் துடைத்துவிட்டு வைக்கிறேன்.
இடது விரலை வைக்கிறேன்.
பின்னால் வரிசை இருமுகிறது.
வெளியே நாலு மணி மழை தொடங்கிவிட்டது.

கடைசியில் ஒரு பாரம் வருகிறது.
ரேகை படிக்க முடியவில்லை என்பதற்கு
நானே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.
பேனாவை மடக்கிப் பிடித்ததில்
விரல் மூட்டு வெடித்து
என் பெயருக்குக் கீழே மஞ்சளாய் ஒரு சொட்டு.

நோர் ஹிதாயா பார்த்தாள்.
வேறு பாரம் எடுக்கக் கை நீட்டினாள்.
நீட்டிய கை பாதியில் நின்று திரும்பியது.
சொட்டு காயும்வரை இருவரும் காத்திருந்தோம்.
பிறகு அதன்மேல் படாமல்
ஓரமாய் முத்திரை குத்தினாள்.