கட்டுக்கம்பி

கொறங்காட்டு நடுவே போர்க்குழி, நானூற்று இருபது அடி.
தண்ணீர் இருக்கிறது. கூப்பிட்டால் வராது.
காற்றைக் கீழே அனுப்பித்தான்
மேலே தள்ளிக்கொண்டு வரவேண்டும்.
அதற்குத்தான் என்னை வரச்சொல்லியிருந்தார்
வள்ளியரச்சல் சாமியாத்தாள்.

சிமெண்டு மேடை காய ஏழு நாள் கேட்டேன்.
"மூணு நாள்ல காயாதுங்களா?"
காயுமுங்க. போல்ட்டுப் பிடிக்காது.
ஏழாம் நாள் போனபோது
மேடைமேல் ஓர் ஒடக்கான்
தலையாட்டிக்கொண்டிருந்தது, சரி சரி என்று.

எர்த்துக்கு ஆளுயரக் குழி.
அடுப்புக்கரி ஒரு சாக்கு, கல்லுப்பு ஒரு சாக்கு.
"உப்பைக் கொட்டுனா அந்த எடத்துல என்னங்க மொளைக்கும்?"
ஒண்ணும் மொளைக்காதுங்க.
நாளைக்கும் நீங்க இருப்பீங்க, அவ்வளவுதான்.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால்
அரை அங்குலம் இறங்கவேண்டும்.
தொளதொளத்தால் வழுக்கும், விறைத்தால் பேரிங் அழும்.
அதன்மேல் கம்பிவலைக் கூண்டு.
"இதுக்கு ஆயிரத்து இருநூறா? என்ன, கோழியா வளக்கறோம்?"
இடது கையை நீட்டினேன்.
மோதிரவிரலில் பாதி
வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில்
கூண்டில்லாத பெல்ட்டோடு ஒரு சுற்றுப் போய்விட்டு
வரவேயில்லை.
பேரம் அத்தோடு நின்றது.

மெயின் சுவிட்சு தள்ளி, சாளைச் சுவரில்.
மும்முனைக் கரண்ட் ராத்திரி பதினொன்றுக்கு வந்தது.
ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினேன்:
சக்கரம் அம்புக்குறிக்கு எதிராகச் சுற்றுகிறது.
மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து
இரண்டு வயரை இடம் மாற்றினேன்.
இப்போது சரி.
முள் இரண்டு, நான்கு, ஏழு.
குழாய் இருமியது.
காற்று, சேறு, மறுபடி வெறும் காற்று,
அப்புறம் வெள்ளை வெள்ளையாய் நுரைத்து
விட்டு விட்டு.
சாமியாத்தாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
வாய்க்காலில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

அது வைகாசி.

ஆடியில் ஒரு ராத்திரி போன்.
"உங்க சேஃப்டி வால்வு ஓயாமக் கத்துதுங்க.
மூணு நாளாத் தூக்கமில்லை.
கட்டுக்கம்பி போட்டு இறுக்கிட்டேன்.
இப்பச் சத்தமில்லாம ஓடுதுங்க."

ஓடுதுங்களா.
இப்பவா.
அக்கா, அதும்பக்கம் போகாதீங்க.
சாளையில மெயினை இறக்குங்க.
இறக்கீட்டீங்களா? இறக்கீட்டேன்னு சொல்லுங்க.

பதினெட்டுக் கிலோமீட்டர், ஆடிக்காற்று மூஞ்சியில்.
கிளுவைவேலிக் கடவில் அவர் நின்றிருந்தார்.
அங்கயே இருங்க என்றேன்.
டார்ச் வெளிச்சத்தில் முள் பதின்மூன்று.
பத்தில் கத்தவேண்டிய வால்வு
வாயில் கம்பியோடு.
டேங்கின் அடித்திருகை ஒதுங்கி நின்று
கால் சுற்றுத் திறந்தேன்.
துருத்தண்ணீரும் காற்றும் மண்ணைப் பறித்துக்கொண்டு போயின.
முள் சுழியத்துக்கு இறங்கும்வரை
அவரும் பேசவில்லை, நானும்.

சுழியத்துக்கு வந்தபிறகுதான் கம்பியைத் தொட்டேன்.
மூன்று சுற்று, பந்தக்கால் முடிச்சு.
நன்றாகத்தான் கட்டியிருந்தார்.

"வெடிச்சிருக்குமுங்களா?"
தெரியலீங்க.
வெடிக்காதது எப்ப வெடிச்சிருக்கும்னு
எந்த மெக்கானிக்குச் சொல்லுவான்.

விடிந்ததும் குழாயைத் தூக்கினோம்.
அடிக்குழாய் வாயில் கெட்டியாய்க் களி.
காற்றுக்குப் போக வழியில்லை.
மூன்று ராத்திரி
அதைத்தான் அது கத்திச் சொல்லியிருக்கிறது.
கூலி வாங்கினேன், குழாய் தூக்கினதற்கு.
கம்பி அறுத்ததற்கு வாங்கவில்லை.
அந்தக் கம்பியை அவர் கேட்டு வாங்கி
அவரைப்பந்தலுக்கு வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் போன் வரும்.
பேச்சு ஒன்றும் இருக்காது.
வால்வின் வளையத்தைச் சுண்டி இழுத்து
போனை அதன் பக்கம் பிடிப்பார்.
உஸ்ஸென்று ஒரு சீறல்.
"கேக்குதுங்களா?"

கேக்குதுங்க அக்கா.