பச்சை அட்டை, இரண்டு நிமிடம்

வீரையா சார் கேட்டது ஒரே ஒரு எண்.
"மீட்டிங்ல ஒரு மூச்சுல சொல்லிடற மாதிரி
சின்னதா இருக்கட்டும்மா.
ஒரு ஆள் குறையும்போது மலையரசி தாங்குறாளா, இல்லையா?"

கல்லுக்கட்டியில் ஆடிட்டர் ஆபீஸ்.
பகலெல்லாம் மண்டிக்காரர்களின் பற்றுவரவு.
ஆறரைக்கு மேல் அதே கணினியில்
பதினான்கு ஆட்டங்களைத் திறந்தேன்.

சீசன் முழுக்க
முப்பத்தொரு பச்சை அட்டை எங்களுக்கு.
ஆளுக்கு இரண்டு நிமிடம் வெளியே.
பத்துப் பேராய் ஆடியது அறுபத்திரண்டு நிமிடம்.
அதில் மலையரசி களத்தில் நின்றது நாற்பத்துநான்கு,
வாங்கிய கோல் ஏழு.
அவள் இல்லாத பதினெட்டில்
ஒன்று.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.
இதை அப்படியே அனுப்பினால்
காரைக்குடியோடு முடிந்தது அவள் பயணம்.

ஆனால் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம்:
வவுச்சர் பார்க்காமல் டிக் போடக் கூடாது.
வராக்கடன் நிறைய வைத்திருப்பவர்
ஏமாளியாகவும் இருக்கலாம்,
வேறு யாரும் கடன் தராத தெருவில்
கடை போட்டவராகவும் இருக்கலாம்.

வீடியோ இருந்தது.
கோல்கீப்பர் பர்வீனின் தம்பி
காம்பவுண்டுச் சுவரில் ஏறி எடுத்தது.
கால்வாசி அவன் கட்டைவிரல்.
மீதியில் செம்மண் புழுதி, விசில்,
புழுதிக்குள்ளிருந்து வரும் ஒரு மட்டை.

அவள் இல்லாத ஒன்பது அட்டையில்
மூன்று அவளே வாங்கியது.
(முழங்காலை மறிப்பாள், பிறகு
நடுவரைப் பார்த்துச் சிரிப்பாள்.
அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் அட்டை.)
மற்ற ஆறும்
நாலு கோல் முன்னிலையில்,
திருப்பத்தூர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு,
சார் அவளை உட்கார்த்தி வைத்திருந்தபோது.

நின்ற இருபத்திரண்டில் பதினைந்து
கோவில்பட்டியோடும் திருச்சியோடும்.

சரி, கோலை விடு என்று
அடித்த அடிகளை எண்ணினேன்.
அவள் இருந்தபோது முப்பத்தெட்டு.
அதில் இருபத்தேழு
கோல்கோட்டோரம், கோணம் செத்த இடத்திலிருந்து.
நேர் முன்னாலிருந்து பதினொன்றுதான்.
அவள் இல்லாதபோது ஒன்பது அடி,
ஏழு நேர் முன்னால்.
யாரும் மறிக்காத வாசல் மாதிரி.
கம்பத்தில் பட்டது இரண்டு, பர்வீன் காலில் மூன்று,
வெளியே போனது ஒன்று.
அந்த ஒற்றைக் கோலை
இப்போது எப்படி மெச்சுவது?

மறுநாள் பயிற்சியில் போய்ச் சொன்னேன்.
ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டாள்,
"ஏழு பேரு அடிச்சதை வச்சா
எனக்கு நல்ல பேரு குடுக்கப் போறீங்க?"
பதினெட்டு நிமிடம், ஏழு அடி.
ஒரு பந்து ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால்
என் கண்டுபிடிப்பு கவிழ்ந்திருக்கும்.
அது எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும் என்பதுதான்
தெரியாமல் இருந்தது.

அன்று ஆறுக்கு ஆறு ஆடினார்கள்.
சார் வேண்டுமென்றே ஒருத்தியை வெளியே எடுத்தார்.
மலையரசி ஓடவில்லை.
மட்டையைத் தரையோடு படுக்கவைத்து
அரையடி இடப்பக்கம் நகர்ந்தாள், அவ்வளவுதான்.
பந்தோடு வந்தவள் நிமிர்ந்தாள்,
கொடுக்க நினைத்த இடத்தைப் பார்த்தாள்,
கொடுக்காமல் திரும்பிப் போனாள்.
பதினோரு நொடி.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
சுழியம் போட்டால்
சராசரிக்குள் போய் எதையோ குறைக்கிறது.
காலியாக விட்டால்
எக்ஸெல் அதைத் தாண்டிப் போய்விடுகிறது,
நடக்காதது போல.
நடக்கவில்லைதான்.
அவள் நடக்க விடவில்லை.

சாருக்கு ஒன்றரைப் பக்கம் அனுப்பினேன்.
எண் கேட்டவருக்கு
"இதிலிருந்து இதுக்குள்" என்று ஒரு வீச்சு,
கீழே ஒரு வரி:
இன்னும் இருபது ஆட்டம் பார்த்தால் சொல்கிறேன்,
அதுவரை அனுப்புங்கள்.

பதில் வந்தது, ஒரு கட்டைவிரல்.
சம்மதமா, வெறும் பார்த்தேனா?

ஆடிட்டர் உள்ளிருந்து கூப்பிடுகிறார்.
இருபதாம் தேதி. ஜிஎஸ்டி.