கட்டபெட்டு ஒண்ணு

இருபத்தாறு வருஷம்
குன்னூர் எக்ஸ்சேஞ்சில் ஒயர் செருகினேன்.
வெலிங்டன், அருவங்காடு, மஞ்சூர்.
மழை இரைச்சலுக்குள் கைவிட்டு
யாரோ ஒருவரின் "ஹலோ"வைத் துழாவி எடுத்து
இன்னொரு காதில் வைத்தேன்.
இப்போது என் தலைக்குள்
போர்டு முழுக்க விளக்கு எரிகிறது,
செருக ஆள் இல்லை.

ஆவணியில் ஒரு காலை
உப்பு கேட்க வாய் திறந்தேன்.
"செவ்வாய்" என்று வந்தது.
இன்னாசி சிரித்தார். நானும்.
பிறகு கரண்டி விழுந்தது,
வலது கை அதை எடுக்கப் போகவில்லை.

ஸ்பீச் தெரபி அறையில்
ஷைலஜா படம் காட்டுவாள்: குடை, பசு, சாவி.
அவை என்னவென்று தெரியும்.
குடைக்கம்பி எந்த இடத்தில் குத்தும் என்பதுகூடத் தெரியும்.
பெயர்தான் இல்லை.
ஆனால் ஞாயிறு பூசையில்
பாடகர் வரிசையில் நிறுத்திவிட்டால்
நாலு சரணமும் பிசகாமல் வருகிறது,
ஆல்டோவில், மூச்சு விடும் இடம் உட்பட.
மெழுகுவர்த்தி அணைக்க வந்த பையன்
அணைக்காமல் நின்றான்.

"பேச்சுக்கு ஒரு ரோடு, பாட்டுக்கு இன்னொரு ரோடு, அக்கா.
மண் சரிஞ்சது ஒண்ணுலதான்."
மலைக்காரிக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.
நவம்பரில் பர்லியார் அடைபட்டால்
கோத்தகிரி சுற்றித்தானே இறங்குவோம்.

அவள் கொடுத்த சீட்டில் மாத்திரை இல்லை:
வாரம் ஒரு பஸ். தனியாக. புது இடம்.
இடது கையால் தாளம்.
இன்னாசி அதைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் மருந்து இருக்குமோ என்று.

பெண்களுக்கு இந்த பஸ்ஸில் காசு கிடையாது.
ஆனால் இறங்கும் இடம் சொல்லியாக வேண்டும்.
ஒரு சொல். அதுதான் எனக்குக் கட்டணம்.
மூன்று வாரம் அதுவும் இல்லாமல்
துண்டுக் காகிதத்தை நீட்டினேன்.
காது கேட்காதவள் என்று நினைத்து
கத்திக் கத்திப் பேசினார் கண்டக்டர் போஜன்.

நாலாவது வியாழன்.
பெட்போர்டு ஏற்றம் தாண்டியதும் மூடுபனி.
வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடிக்கிறார்,
இரண்டு குட்டை, ஒரு நீளம்,
இரண்டு குட்டை, ஒரு நீளம்.
வண்டிச்சோலையில் கேரட் மூட்டையோடு ஒருத்தி ஏறினாள்,
ஈர மண் வாசம் கூடவே ஏறியது.
ஜன்னல் கம்பியில் என் இடது விரல்கள்
என்னிடம் கேட்காமலே ஹாரனோடு சேர்ந்துகொண்டன.
எடப்பள்ளி தாண்டி ஒரு வளைவில்
டிரைவர் அடிக்க மறந்தார்.
அந்தக் காலி இடத்தில்
"கட்ட... பெட்... டூ... ஒண்ணு" என்று
ஆல்டோவில் யாரோ பாடினாள்.

மொத்த பஸ்ஸும் என் பக்கம் திரும்பியது.
ரோஸ் டிக்கெட்டைக் கிழித்தபடி போஜன்,
"பாடினாலும் ஒண்ணுதாம்மா குடுப்பேன்" என்றார்.
கேரட்காரி மூட்டையைத் தட்டிச் சிரித்தாள்.
எனக்குள் எங்கோ ஒரு ஒயர்
டக்கென்று துளைக்குள் உட்கார்ந்தது.
இருபத்தாறு வருஷம் கேட்ட சத்தம்,
தப்பாது.

கட்டபெட்டில் இறங்கி டீ சொன்னேன், விரலைக் காட்டி.
சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.
சர்க்கரையோடு குடித்தேன்.
பனி விலகி, எதிர்ச் சரிவில் தேயிலை
பாத்தி பாத்தியாக லைன் கிடைத்து எரிந்தது.

ஸ்கேனில் பெரிய மாற்றம் இல்லையாம்.
வீட்டில் உப்பு இன்னும் செவ்வாய்தான்,
இன்னாசி டப்பாவில் அப்படியே எழுதி ஒட்டிவிட்டார்.
அவர் பெயரும் வாயில் வரவில்லை இன்னும்.
அதற்குப் பொருந்துகிற ஹாரன்
இந்த ரூட்டில் ஓடவில்லை போல.

அடுத்த வியாழன் கோத்தகிரி.
அதற்கப்புறம் சோலூர்மட்டம்.
இப்போதே மேசையில் அளந்து பார்க்கிறேன்:
ஒரு நீளம், இன்னொரு நீளம், இரண்டு தட்டு.
நடுவில் மூச்சு விடத்தான் இடம் தேட வேண்டும்.