ஹெப்பார் பெயரில்

வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு டிக்கெட் வந்தது:
வாமன ஹெப்பார், பணி விடுவிப்பு, கணக்கை முடக்கவும்.
இரண்டே சொடுக்கு. முடக்கப்பட்டது என்றது,
சரி என்றேன்.
அவர் பெயர்மேல் சின்னதாய்
கீழ்நோக்கி ஓர் அம்பு.
வெளியே மகாதேவபுரா ரிங் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது.
டிபன் டப்பாவோடு அவர் லிஃப்டில் இறங்கியதை
யாரோ பார்த்தார்களாம்.

பதினொன்றரை வரை ஒன்றும் ஆகவில்லை.

ஃபயர்வாலுக்கு யாரையும் தெரியாது, அதைச் சொல்லியாக வேண்டும்.
அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்.
பத்து, இருபது, நாலு, நூற்றுப் பதினேழு
வெளியே போகப் பார்க்கிறது
என்பது மட்டும்.
மறித்து, யார் நீ என்று கேட்கும்.
பெயரும் பாஸ்வேர்டும் சொன்னால்
சரியா தப்பா என்று அதற்கே தெரியாது.
மூன்றாம் மாடி டைரக்டரியிடம் கொண்டுபோகும்:
இப்படி ஒருத்தி உண்டா,
இந்தச் சொல் அவளுடையதுதானா,
எந்தெந்தக் குழுவில் வைத்திருக்கிறீர்கள்?
டைரக்டரி விலாசத்தை இலையிலிருந்து வேருக்கு வாசிக்கும்.
பூங்கோதை, நெட்வொர்க், பெங்களூரு,
கம்பெனி கடைசியில்தான்.
பதில் கிடைத்ததும் விதிகளை மேலிருந்து தேடிவந்து
கணக்குப் பிரிவுக்கு வங்கிகளைத் திறக்கும்,
யூடியூபை யாருக்கும் திறக்காது.
இந்த எண் இன்னார் என்று
எட்டு மணி நேரம் நினைவு வைத்திருக்கும்.
பிறகு அதுவும் போய்விடும்.

மூன்றரை ஷிப்டின் நினைவு தீர்ந்தது.
பதினொன்றரை ஷிப்டு வந்து உட்கார்ந்தது.
பாஸ்வேர்டு தவறு, என்றது எல்லோரிடமும்.
சுபைர் மூன்று தரம் அடித்துவிட்டுத்
தன் விரல்களைப் பார்த்தான்.
போன வாரம்தான் மாற்றினேன், மறந்துபோச்சு போல, என்றாள் பிரமீளா டிசோசா.
முந்நூற்று நாற்பது பேர்
அவரவர் ஞாபகத்தை நொந்துகொண்டார்கள்.

அத்திப்பள்ளியிலிருந்து என்னை கேபில் ஏற்றி வரவழைத்தபோது
மணி ஒன்று.
லாகில் ஒரே வரி, மறுபடி மறுபடி.
தோற்றது அவர்கள் பெயர் இல்லை.

கேட்கப் போகிறவனுக்கும் ஒரு பெயர் வேண்டும்.
முன்பின் தெரியாதவர் கேட்டால்
டைரக்டரி வாய் திறக்காது.
ஃபயர்வால் முதலில் தன்னை யாரென்று சொல்ல வேண்டும்.
ஏழு வருடமாக அது சொல்லி வந்தது
ஹெப்பார் என்று.

நிறுவிய இரவில் தனிக் கணக்குக்கு ஒப்புதல் வரவில்லை.
தன் பெயரையே போட்டிருக்கிறார்.
குறிப்பில் ஒற்றைச் சொல்: இப்போதைக்கு.
தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றும்போதெல்லாம்
ஃபயர்வாலிலும் போய் மாற்றியிருக்கிறார்.
எண்ணினேன், இருபத்தெட்டு முறை.
யாரிடமும் சொன்னதில்லை.
காலைதோறும் எங்கள் எல்லோருக்காகவும்
உள்ளே போய்க் கேட்டது அவர் பெயர்.
அவருடைய கடிதத்தை அடித்த ஹெச்.ஆர். பெண்ணுக்காகவும்,
வெள்ளிக்கிழமை காலை கூட.

ஒன்று நாற்பதுக்கு அம்பை எடுத்தேன்.
முந்நூற்று நாற்பது பேரும் உள்ளே போனார்கள்.
பாத்தியா, என்னுது கரெக்டுதான், என்றான் சுபைர்.
பதினொரு நிமிடம் ஹெப்பார் வேலை பார்த்தார்,
சம்பளம் இல்லாமல்,
விஜயநகரில் எங்கோ தூங்கியபடி
அல்லது தூங்காமல்.

அதற்குள் புதுக் கணக்கு ஒன்று செய்தேன்.
மனிதப் பெயர் கிடையாது,
படிக்க மட்டும் உரிமை,
பாஸ்வேர்டு காலாவதி ஆகாது.
ஃபயர்வாலில் மாற்றி, சோதித்து,
ஒன்று ஐம்பத்தொன்றுக்கு
அம்பை அவர்மேல் திரும்ப வைத்தேன்.
சரி என்று அழுத்தக்
கொஞ்சம் நேரம் பிடித்தது.

பொறுப்பாளர் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டால் சேமிக்காதாம்.
மேனேஜர் போன் அணைந்திருந்தது.
என் பெயரை அடித்தேன்.
காலையில் மாற்றிக்கொள்ளலாம்.