ஒன்பதாவது வரி

சனிக்கிழமை இரவு மன்னார்சாமி கோயில் தெருவில்
டிடிபி கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.
குனிந்து நுழைவேன். பென்டிரைவ்,
வெளிர்பச்சைத் தாள், நானூறு பிரதி, இரு பக்கம்.
பாமினியில் அடித்ததைப் போனில் திறந்தால்
நற்கருணை நண்டுக்கால் கீறலாய்ச் சிதறும்.
ஆகவே எல்லாம் இரண்டு தடவை:
தாளுக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று.
பதினோரு வருடத்தில் மறையுரை
மழையுரை ஆனது ஒரே முறை.
அன்று மழையும் பெய்தது.

குழுவில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்.
விடிகாலை நாலரைக்கு முதல் ரோஜா பூக்கும்.
ரோஜாவுக்கு அடியில் வசனம்,
வசனத்துக்கு அடியில் ஆமென், ஆமென், கூப்பிய கை,
யாரோ விற்கும் பழைய வாஷிங் மெஷின்.
எட்டு மணிக்குள் அன்றைய நாள் மூழ்கிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை எழுதினேன்:
மிகுந்த மனவருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில்
நமது பங்கின் புனித பேதுரு அன்பியத்தைச் சார்ந்தவரும்
என்று இறங்கி இறங்கி
ஒன்பதாவது வரியில்,
திரு. செ. இக்னேசியஸ், வயது 58.
அடக்கப் பூசை மாலை நான்கு.

நான்கு மணிக்கு ஆறு பேர்.
ஒருவர் மணியடிப்பவர்,
ஒருவர் வண்டி ஓட்டி வந்தவர்.
பெட்டி தூக்கத் தோள் போதவில்லை.
எதிர் டீக்கடையிலிருந்து மாஸ்டர் வந்தார்,
கையைக் கைலியில் துடைத்தபடி.

மறுநாள் காசிமேட்டு ஏலக்கூடத்தில்
ராயப்பன் வழிமறித்தார்.
"இன்னாமா நீயி, நம்ம ஐஸ் இன்னாசி பூட்டாரு,
ஒரு வார்த்த சொன்னியா?"
போட்டேனே, குழுவில்.
செதில் ஒட்டிய கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார்.
ரோஜா, ரோஜா, ரோஜா,
நின்றார்.
"இதுவா? இக்னேசியஸ்னா யாரோன்னுல்ல நெனச்சேன்.
நான்கூட ஆமென் போட்டுக்கிறேன் பாரு."

போட்டிருந்தார்.
அவருக்கு மேலும் கீழுமாக இன்னும் இருபத்தேழு பேர்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்த பெயர்.
தலையில் தண்ணீர் ஊற்றியபோது ஒருமுறை,
தாலி கட்டியபோது ஒருமுறை
அப்படி அழைத்திருப்பார்கள்.
அதன்பின் முப்பது வருடம்
பாளம் பாளமாய் உடைத்து
விசைப்படகின் வயிற்றில் ஐஸ் நிரப்பிய ஆள் வேறு.
அவரை எனக்கும் தெரியும்.
பதிவேட்டைத்தான் நம்பினேன்.

பிலோமினாவைப் பார்க்கப் போனேன், மூன்றாவது மாடி.
மூலையில் கடப்பாரை, கோணிச் சாக்கு.
மன்னிப்பை எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
"மிகுந்த மன" என்று வாயில் வந்தது.
நிறுத்திக்கொண்டேன்.
"சோறு துன்ட்டியா?" என்றாள்.

முப்பதாம் நாளுக்குத் தாளில் போட்டது:
ஐஸ் இன்னாசிக்கு முப்பது.
வியாழன் சாயந்தரம் ஆறரை, கோயிலில்.
படகிலிருந்து நேராக வந்தாலும் சரி.

ஃபாதர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"பட்டப்பெயரா? மடலிலா?"
பதில் சொல்லவில்லை, அவரும் அடிக்கவில்லை.
செயலர் பெலிக்ஸ் ஓர் "அன்புடன்" ஆவது கேட்டார்.
இடமில்லை என்றேன். பக்கம் முக்கால்வாசி காலி.
ஐஸ் ஃபேக்டரிச் சுவர், டீசல் பங்க்,
ஏலக்கூடத்தின் தூண்கள்.
ஒட்டிய இடமெல்லாம் ஈரம்.
தேதி கசிந்தது, பெரிதாய் அடித்த பெயர் நின்றது.

வியாழக்கிழமை
வாசலில் ரப்பர் செருப்புகள் குவியல் குவியலாய்.
சாம்பிராணியை இறால் வாடை தள்ளிக்கொண்டு வந்தது.
பீடத்தில் ஃபாதர் தாளைப் பார்த்து,
தொண்டையைச் செருமி,
"நம் சகோதரர் ஐஸ்...
இன்னாசி" என்றார்.
முன் வரிசையில் பிலோமினா
பொசுக்கென்று சிரித்துவிட்டாள்.
அப்புறம்தான் அழுகை.

வெள்ளி விடிகாலை நாலரை.
குழுவில் ரோஜா.