சி நாற்பத்தொன்று

ஓமஹாவில் ஓர் இறைச்சிக் கடையின்
குளிர் அறைக்குள் இருந்தேன்,
விசிறியில் உறைந்த பனியைச் செதுக்கிக்கொண்டு.
புறப்பாட்டுக்குச் சரியாக இருபத்துநாலு மணிநேரம் முன்பு
செக்-இன் திறக்கும் என்று தெரியும்.
இந்தக் கம்பெனியில் இருக்கைக்கு எண் கிடையாது,
வரிசைக்குத்தான்.
பந்திக்கு முந்தியவருக்கு ஜன்னல்.
கையுறையைக் கழற்றி
விறைத்த விரலை ஃபோன் அடையாளம் கண்டுகொள்ளப்
பதினொரு நிமிடம்.
அதற்குள் ஒரு சிற்றூரே
எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டது.

மறுநாள் எஃகுத் தூண்கள்
ஐந்தைந்தாக ஆளைப் பிரித்தன.
"உங்க நம்பர் என்ன?"
பெயரை யாரும் கேட்கவில்லை.
நாற்பது டாலர் கூடுதலாகக் கொடுத்து ஏ-யில் இடம் பிடித்தவர்
சீட்டை எழுத்து தெரியும்படி பிடித்திருந்தார்.
சக்கர நாற்காலியில் ஒருவர்
எல்லோருக்கும் முன்னால் போனார்,
மடியில் ஐஸ் ஹாக்கி மட்டை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
எல்லோரும் பார்த்தோம்.
வாசலில் நின்ற டெல்ஃபின் மைக்கில் சொன்னாள்:
"நிறைந்த விமானம், நண்பர்களே.
நடு இருக்கையோடு சமாதானமாகிவிடுங்கள்."

உள்ளே,
காலி இருக்கையில் கைப்பை.
கைப்பை மேல் கோட்டு.
ஒருவர் என் கண் பட்டதும் இருமத் தொடங்கினார்.
அந்தத் தாய் கிள்ளியிருக்க மாட்டாள்,
ஆனாலும் குழந்தை சரியாக அப்போதுதான் அழுதது.

இருபத்திரண்டாவது வரிசை.
ஜன்னலில் ஒரு பெண், ஓரத்தில் ஓர் ஆள்,
நடுவில் யாருமில்லை.
இருவரும் வேறு வேறு திசையில்
ஒரே மாதிரி வெறித்திருந்தார்கள்.
"இங்கே..." என்றேன்.
அவர் எழுந்து வழிவிட்டார்,
ஆட்டத்தில் தோற்றவர்போல.

பெல்ட்டை மாட்டியதும்
ஜன்னலைப் பார்த்தபடியே அவள் என்னிடம்:
"அவருக்கு இடது காது அடைக்கும். இதைக் கொடுத்துவிடுங்கள்."
ஒரு எலுமிச்சை மிட்டாய்.
கொடுத்தேன்.
வாயில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்:
"கண்ணாடியைத் தேடுகிறாள் பாருங்கள்.
வெளிப்பையில் இருக்கும்."
சொன்னேன்.
வெளிப்பையில்தான் இருந்தது.

பாதி எழுந்துவிட்டேன்:
"நீங்கள் சேர்ந்து உட்காருங்களேன், நான் மாறிக்கொள்கிறேன்."
"வேண்டாம்."
இரண்டு காதிலும் ஒரே நொடியில்.

சமவெளி தீர்ந்து
மலை தொடங்கிய இடத்தில்
வெர்னன் ப்ரோஷெக் வாய் திறந்தார்.
பத்தொன்பது வருடம் இப்படித்தான் பறந்தார்களாம்:
அவள் ஜன்னல், இவர் ஓரம்,
யாரோ எவரோ போல.
நடுவை எவனும் விரும்பி எடுக்கமாட்டான்.
பாதி நாள் மூன்று இருக்கையும் இவர்களுக்கே.
கதவு மூடியதும் கைப்பிடிகளைத் தூக்கிவிட்டு
அவள் காலை நீட்டி
இவர் மடியில் வைப்பாளாம்.

"தெரியாதவள்போல நடிப்பதில் நான் கெட்டி,"
என்றாள் இர்மா, மேகத்திடம்.
"இவர்தான் சிரித்துக் காட்டிக்கொடுப்பார்."

விவாகரத்தாகி நாலு வருடம்.
ஓக்லண்டில் மகள் பட்டம் வாங்குகிறாள்.
தனித்தனி வீட்டில் தனித்தனி அலாரம் வைத்து
ஒரே நொடியில் அழுத்தியிருக்கிறார்கள்.
பி முப்பத்தொன்று. பி முப்பத்திரண்டு.
ஒரே தூணுக்கு அருகில்
தோளோடு தோள் நிறுத்தி வைத்தது கம்ப்யூட்டர்.
முதலில் ஏறியது அவள்.

"பின்னால் வந்தபோது எண்பது இருக்கை காலி,"
என்றார் வெர்னன் என்னிடம்,
நான் ஏதோ குற்றம் சாட்டியதுபோல.
"கால் தானாக இங்கே நின்றுவிட்டது."

அவள் திரும்பவில்லை.
மடித்துவைக்க வேண்டிய மேஜையைத்
திறந்தாள், மூடினாள்.

அதன்பின் யாரும் பேசவில்லை.
எனக்கும் வேலை இல்லை.
இரண்டு கைப்பிடியும் எனக்கே விடப்பட்டிருந்தன,
நடு இருக்கைக்காரனுக்கு உலகம் தரும் ஒரே சலுகை,
ஆனால் கையை வைக்கத் தோன்றவில்லை.

விரிகுடா தெரிந்தது.
இறங்க இறங்க எனக்குக் காது அடைத்தது.
இர்மாவிடம் கேட்டேன்,
இன்னொரு மிட்டாய் இருக்குமா?

பையைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:
"ஒன்றுதான் எடுத்துவந்தேன்."