பயன்: ஒரு வரியில்

செலவுப் படிவத்தின் கடைசிக் கட்டம்
விரல் அகலம்தான் இருக்கிறது.
ஸ்டால் வாடகை, லோடு ஆட்டோ,
மும்முனை இணைப்புக்கு எலக்ட்ரீசியன் கறந்த எண்ணூறு,
மூன்று நாள் டீ
எல்லாம் எழுதியாகிவிட்டது.
'கண்காட்சியால் விளைந்த பயன்'
என்ற இடத்தில்
பேனா நிற்கிறது சார்.

ஆர்டர் என்று கேட்டால் ஒன்றரை.
ஒன்று, திருப்பரங்குன்றத்துக் கல்யாண மண்டபத்துக்கு
இட்லிக் கொப்பரை.
அரை, மேலூர்க்காரர் சொன்ன 'பாப்போம்'.

நாலு வருடமாக நான் விற்கிற
மாவு பிசையும் மிஷினை
தமுக்கத்தில்தான் முதன்முதலாகத் தொட்டேன்.
அதுவரை எனக்கு அது
பதினேழாம் பக்கத்துப் படம்.
உசிலம்பட்டி, திருமங்கலம், ஒத்தக்கடை என்று
பைக்கில் சுமந்து போனதெல்லாம்
வழவழத் தாளில் அச்சான எடை.
நூற்று நாற்பது கிலோ என்று
வாய் பாட்டுக்குச் சொல்லும்.
லாரியிலிருந்து இறக்கிய நாலு பேரின்
கழுத்து நரம்பைப் பார்த்த பிறகு
அந்த எண்ணில் குரல் கொஞ்சம் தணிகிறது.

முதல் நாள் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள்,
துணிப்பைக்காக.
பை தீர்ந்தது, அவர்களும் தீர்ந்தார்கள்.

மறுநாள் மதியம்
இரவுக்கடை சிக்கந்தர் பாய் வந்தார்.
அவர் பேசவில்லை.
கூட வந்த பரோட்டா மாஸ்டர் ஒச்சப்பன்
மிஷினைப் பார்க்கவும் இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு
மோட்டாரைக் கேட்டார்.
"மேல வீட்டுக்காரம்மா தூங்கும்.
ராத்திரி பன்னெண்டுக்கு இந்தச் சத்தம் ஆகாது."
பிறகு மிஷினை நிறுத்தச் சொல்லி
தொட்டிக்குள் கையை விட்டார்.
"மாவு சுடுது தம்பி."
தொட்டேன். சுட்டது,
காய்ச்சல்காரன் கழுத்து மாதிரி.
பதினேழாம் பக்கம் இதைச் சொன்னதே இல்லை.
"எட்டு நிமிசம்னு போட்டிருக்கீக. அஞ்சுல நிப்பாட்டு.
மிச்சத்த மாவே பாத்துக்கிரும்."

நிறுத்தினேன்.
ஈரத்துணி போர்த்திக் காத்திருந்து
அவர் வீசிய வீச்சில்
எதிர் ஸ்டாலின் விளக்கு
மாவு வழியாகத் தெரிந்தது.
வாங்கவில்லை.
பாய் விலை கேட்டார், சிரித்தார்,
கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

எதிர் ஸ்டால் போட்டிக் கம்பெனி.
பிரிசில்லா என்று பெயர்,
என் கஸ்டமர் மூன்று பேரைப் பறித்தவள்.
சாயங்காலம் கரண்ட் போனபோது
சுண்டல் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தாள்.
பணத்துக்கு எட்டு மாதம் அலையவிடும்
ஓர் ஆஸ்பத்திரி கேண்டீன் பெயரைச் சொன்னாள்.
நான் நாகமலைப் பக்கத்து விடுதி ஒன்றைச் சொன்னேன்.
இருட்டில் இருவரும்
கொஞ்சம் நஷ்டம் மிச்சப்படுத்திக்கொண்டோம்.

மூன்றாம் நாள் மழை. ஆளில்லை.
போனில் மட்டும் சண்டை போட்டிருந்த
சர்வீஸ் மெக்கானிக் கதிரேசனுக்கு
முகம் இருந்தது; இடது புருவத்தில் தையல் இருந்தது.
பெல்ட் மூடியைத் திறக்க
ரெண்டே திருகு போதும் என்று காட்டினார்.
நான் இத்தனை நாளும்
'ஆள் வந்தாத்தான் சார் முடியும்' என்று
ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை திருமங்கலத்தில்
ஹோட்டல்காரர் கேட்டார்: "சத்தம் வருமா?"
"வரும்" என்றேன்.
"மாவு சூடாகும். அஞ்சு நிமிசத்துல நிறுத்தணும்.
மாடியில ஆள் இருந்தா சாயங்காலமே பிசைஞ்சு வச்சிருங்க."
அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
கல்லாவுக்குப் பின்னாலிருந்து
ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
கேட்லாக் பைக்குள்ளேயே கிடந்தது.

வாங்குவாரா தெரியாது.
கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:
'ஐந்து நிமிடம். எட்டு அல்ல.'
கணக்குப் பிரிவு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பும்.
அனுப்பட்டும்.

டீக் கணக்கில்
பிரிசில்லா குடித்த இரண்டும் சேர்ந்திருக்கின்றன.
அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.